சொல்லும்வரை நிற்கும் பூதம்

கல்யாணமான புதிதில் அந்த வீடியோ கேமை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் கையில் கிரீஸ் காய்வதற்குள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடும் ஒரே விளையாட்டு. நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம் ஊர் ஊராக நடந்து, வழியில் எதிர்ப்படும் பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு கோட்டைக்குள் புகுந்து, ராஜாவைக் கொன்றவனைத் தீர்த்துக்கட்ட வேண்டும். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். தெரிந்த கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவள் கேட்டால், தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல இருக்கிறது என்பார். அவளுக்கும் அதைத் துருவ நேரமில்லை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் சலவைக் கூடத்தில் காலை ஷிப்ட். மத்தியானம் வீட்டு வேலை.

முதலில் போனது அவருடைய கையின் பிடிமானம். லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்தபோது ஸ்பேனர் விரலிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது. கீழே யாரும் இல்லாததால் சிரித்து மழுப்பினார். மறுபடியும் நழுவியது. அப்புறம் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு ஒரு நரம்பு டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும், அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். டாக்டர் அதை ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று வீடு வந்து சேரும்வரை அவளுக்குப் பிடிபடவில்லை.

வேலை போனது. கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். வரவர வரத்து குறைந்தது. ஒருவர் பொழுது போகட்டும் என்று செல்போனில் புது விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இவர் விரலை நகர்த்துவதற்குள் ஆள் செத்துப்போனான். மறுபடி ஆடினார், மறுபடி செத்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பழைய கேம் பெட்டியை டிவியில் மாட்டச் சொன்னார்.

அன்றைக்குத்தான் அவள் அந்த விளையாட்டை உட்கார்ந்து பார்த்தாள். பூதம் எதிரே வந்து நின்றது. அடிக்கவா, தடுக்கவா, மருந்து கொடுக்கவா, ஓடவா என்று கீழே நாலு வரி. அவர் கட்டைவிரல் தட்டுத்தடுமாறி பட்டனுக்குப் போய்ச் சேரும்வரை பூதம் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. வரிசையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைச் சீக்கிரம் சீக்கிரம் என்று நெருக்கினார்கள். சில நேரம் அவளே நெருக்கினாள்.

"மரியாதை தெரிஞ்ச பூதம்" என்றாள். அவர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

கட்டைவிரலும் ஓய்ந்தபோது பட்டன்கள் அவள் கைக்கு வந்தன. ஊட்டி, துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு மத்தியானத்தில் உட்காருவாள். அவர் குழறிக் குழறிச் சொல்ல அவள் அமுக்குவாள். சண்டைக்குப் பஞ்சமில்லை. வடக்கே போகச் சொன்னால் தெற்கே போவாள். உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒருநாள் அவர் கத்தியதில் எச்சில் புரையேறி மூச்சு முட்டியது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதாள். நான் உங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறேன், நீங்கள் ஒரு பொம்மைக்காக என்னைத் திட்டுகிறீர்கள் என்று வாய்விட்டாள். முகத்தைத் திருப்ப முடியாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். சில நாள் டிவியை யாரும் போடவில்லை. பிறகு அவளே போட்டாள்.

பேச்சும் போனது. இமை மட்டும் மிச்சம். நாலு வரியையும் அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். சரி என்றால் ஒரு தடவை மூடித் திறப்பார், வேண்டாம் என்றால் இரண்டு தடவை. இமையும் நினைத்தவுடன் கேட்காது. முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அவள் ஒரு துணியை மடித்துவிடலாம். கேட்டுவிட்டுக் காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போனது.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கிருந்த டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் பொருத்தினால், படுத்தபடியே வருஷக்கணக்கில் இருக்கலாம். பொருத்தாவிட்டால் கொஞ்ச நாள்தான். நோயாளியே முடிவு சொல்ல வேண்டும்.

அவருடைய அண்ணன் வந்திருந்தார். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"மெஷின் வெச்சுக்கலாம்பா. சரியா?"

இமை மூடித் திறந்தது. "சரின்னுட்டான்" என்று அண்ணன் டாக்டரிடம் திரும்பினார்.

"இருங்க மாமா. இன்னும் முடியல" என்றாள் அவள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கியது, நின்றது. பிறகு மெதுவாக மறுபடி மூடித் திறந்தது.

"அது சும்மா இமைக்கிறதும்மா" என்றார் அண்ணன்.

அவள் பக்கத்தில் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டாள். "மெஷின் வேண்டாமா?" ஒரு தடவை மூடித் திறந்தார். அவள் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை. "வீட்டுக்குப் போயிடலாமா?" அதற்கும் ஒன்றுதான்.

டாக்டர் தானும் கேட்டுப் பார்த்துவிட்டு, அவள் சொன்னது சரிதான் என்று தலையசைத்தார். அண்ணன் வராந்தா சுவரில் நெற்றியை வைத்து அழுதார். பிறகு அவளிடம் வந்தார்.

"உனக்கு அலுத்துப்போச்சு. அதான் இப்படிச் சொல்ற."

அலுத்துத்தான் போயிருந்தது. அதுவும் உண்மை, இமை சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். ஆடவில்லை, அதற்கும் தெம்பில்லை. ஒரு முற்பகலில் அவள் விரிப்பை மாற்ற அவரைப் புரட்டியபோது உயிர் இல்லை.

சாவுக்கு வந்த அண்ணன் குடும்பம் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியது. மெஷின் வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள் என்ற பேச்சு உறவுக்குள் சுற்றிச் சலவைக் கூடம்வரை வந்தது. ஒருத்தி நேராகவே கேட்டாள். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு விரிப்பை உதறினாள்.

முன்பு போனில் விளையாட்டுப் போட்டுக் கொடுத்தவர் பழைய பெட்டியைக் கேட்டு வந்தார். இந்த மாதிரிப் பெட்டிக்கு இன்னும் ஆட்கள் அலைகிறார்களாம். விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். கோட்டையில் பல தடவை தோற்றாள். முடித்தபோது, அந்த நாலு பேரும் ஒரு நாற்சந்தியில் பிரிந்து, அவரவர் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெட்டியைக் கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் முதல் ஊரிலிருந்து தொடங்கினாள்.

அண்ணனை ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். நன்றாக இளைத்திருந்தார். "மாமா" என்று கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால், வந்த பஸ்ஸில் அவள் ஏறிக்கொண்டாள்.