மேனேஜரும் வலது கையுறையும்

அப்பா முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஒரு பழக்கத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. கீழே லிஃப்ட் குழியில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், மேலிருந்து கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "வரேன்" என்பார். பதில் வரும்வரை எதையும் தொடமாட்டார். தட்டாமல் சுவிட்சைப் போட்ட ஒருவரால்தான் அவருடைய இடது சுண்டுவிரல் போனது. அதையும் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் போய் ஐந்து வாரம். விட்டுப்போனவற்றில் தொல்லை கொடுப்பது நாய் ஒன்றுதான். பெயர் மேனேஜர். "வேலை ஒண்ணும் செய்யாது, கிட்டப் போனா உறுமும்" என்று அப்பா வைத்த பெயர்.

இப்போது அவருடைய வலது கையுறை அதன் வசம். சோற்றுக் கிண்ணத்துக்கும் பந்துக்கும் உறுமும், கையுறைக்குக் கடிக்கும். வீடு கூட்டும்போது அதை நகர்த்தப்போன அம்மாவுக்கு மணிக்கட்டில் மூன்று தையல்.

அக்கா போனில் கத்தினாள். "ரெண்டு வாரம் தரேன். திருந்தலைன்னா ஆள் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா கையவிட நாய் பெருசாடா உனக்கு?"

அம்மா போனைப் பிடுங்கினார். "அதுவும் போயிட்டா நான் இங்க யார்கிட்டடி பேசுறது?"

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. நாய் விஷயத்தில் முதல் நாளே தப்புச் செய்தேன். யார் பெரியவன் என்று காட்ட, தின்னும்போதே கிண்ணத்தைப் பிடுங்கினேன். இரண்டு மீட்டரில் உறுமிய நாய் மறுநாளிலிருந்து நான்கு மீட்டரிலேயே உறுமியது. தரையில் டேப் ஒட்டிக் குறித்தேன்.

"கோடு போட்டு நாய் வளர்க்கிற மொத ஆளு நீதான்" என்றார் அம்மா. "அப்பா அதுகிட்ட எப்படிப் போவாருன்னு பாத்ததே இல்லையா?"

இல்லை. நான் வெளியூரில் இருந்தேன்.

"சுவத்துல ரெண்டு தட்டு. 'வரேன்'னு சொல்லுவாரு. வால் ஆடுனாத்தான் போவாரு. எதையும் எடுக்கமாட்டாரு, ஒரு துண்டு கறி போட்டுட்டுத் திரும்பிடுவாரு."

அப்படியே செய்தேன். வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல், ஒரு வேளைக்கு இருபது தடவை. வால் ஆடாத நாளில் கோட்டைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் அரை மீட்டர் வரை விட்டது.

பதின்மூன்றாம் நாள் கறியை நீட்டினேன். மேனேஜர் கையுறையைக் கீழே போட்டது. எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை கிரீஸில் கறுத்திருந்தது. ஸ்பானரைப் பிடித்த வாக்கிலேயே விரல்கள் மடங்கி விறைத்திருந்தன.

மேனேஜர் உறுமவில்லை. உட்கார்ந்து என் கையையே பார்த்தது.

"திருப்பிக் குடு. அப்பதான் அடுத்த தடவையும் விடும்" என்றார் அம்மா.

"தெரியும்மா."

"தெரிஞ்சா குடுடா."

"ஒரு நிமிஷம்."

அம்மா எழுந்தார். தையல் பிரித்த கையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வரேன்" என்றார், என்னைப் பார்த்து.

கையுறையைத் தரையில் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.