இறால் கோதும் நான் போட்ட மஞ்சளும்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும் அதில் அடக்கம். படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ஊர்காவற்றுறைக் கடற்கரை இறால் வாடியில் என்னைவிட வேகமாக இறாலின் ஓட்டை, அதுதான் கோதை, உரித்த கை இல்லை. இப்போது வாடி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. கோது எங்களுக்குக் குப்பை, கடலில் கொட்டுவோம். ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கும் மாஸ்டர் சாக்கோடு வந்தார்.

“திரேசாக்கா, கோது வேணும். பச்சைத் தண்ணியிலை மட்டும் கழுவித் தாங்கோ.”

“என்னத்துக்கு மாஸ்டர், சொதி வைக்கவோ?” என்றாள் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பிலோமினா.

“இல்லைப் பிள்ளை. காயத்திலை இரத்தத்தை நிப்பாட்டுற சாமான் செய்ய.”

வாடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இறால் முள் ஏறி விரலில் இரத்தம் கசியாத நாள் எங்களுக்கு இல்லை. குத்துகிற சாமானே இரத்தத்தை நிறுத்துமா? அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பின்னேரங்களில் மாஸ்டர் வீட்டுக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினேன்.

காய்ந்த கோதை இடித்து, பனங்கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரியில் ஊறப்போட்டோம். நுரைத்தது. கோதில் உள்ள சுண்ணாம்பு கரைகிறது என்றார். நுரை அடங்கும்வரை வினாகிரியை மாற்றி மாற்றி ஊற்றினோம். அதன்பின் கோஸ்டிக் சோடாவில் இரண்டு தரம் காய்ச்ச வேண்டும். முதல் தரம் ஒட்டியிருக்கும் சதை போகும். இரண்டாம் தரம் கோதே வேறு பொருளாக மாறும். அதற்குப் பெயர் கைட்டோசான். சோடா இருந்ததோ ஒரு டின். சவர்க்காரம் காய்ச்சுகிறவரிடம் கெஞ்சி வாங்கியது. கொழும்புச் சாமான் ஒழுங்காக வராத காலம். அது தீர்ந்தால் வேறு இல்லை.

முதல் காய்ச்சலில் பானைத் தண்ணீர் சிவந்தது. சும்மா சிவப்பில்லை, இரத்தச் சிவப்பு.

மாஸ்டர் அகப்பையைக் கீழே வைத்தார். “இப்பிடி ஒரு நிறம் புத்தகத்திலை இல்லை. என்னவோ பிழைச்சுப் போச்சு. நிப்பாட்டுவம் அக்கா. மிச்சச் சோடாவைத் திருப்பிக் குடுப்பம்.”

எனக்கு அது என்ன சிவப்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் ஆலாத்தி சுற்றும் தட்டில் சிவப்புத் தண்ணீரைக் கண்டிருக்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அதே நிறம். சுண்ணாம்பு செய்கிறதை இங்கே சோடா செய்திருக்கும். மஞ்சள் எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்து. மஞ்சள் போடாமல் இறாலைக் கழுவ என் கைக்குத் தெரியாது. அவர் பச்சைத் தண்ணீர் என்று சொல்லியும் போட்டிருந்தேன்.

என் வேலையில் பிழை என்று வாடியில் எவரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் போனால் அந்தக் கோது என்னவாகும் என்று எப்படித் தெரியும்?

“மாஸ்டர், பொறுங்கோ. மஞ்சள் போட்டது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ குசினிக்குப் போய் ஒரு சிட்டிகை மஞ்சள் எடுத்துவந்து, கிளாசில் இருந்த சோடாத் தண்ணீரில் போட்டார். அதுவும் சிவந்தது.

“எட, நிறம் மட்டும்தானே! இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் கேக்கேல்லையே.”

“மஞ்சள் போட்டனீங்களோ எண்டு ஆர்தான் கேப்பினம்?” என்று சிரித்துவிட்டார்.

சிவப்புப் போகும்வரை அலசினோம். மிச்சச் சோடா முழுவதையும் போட்டு மறுபடி காய்ச்சினோம். கழுவி எடுத்ததை வினாகிரியில் போட்டால் கரைய வேண்டும். கரையாவிட்டால் எல்லாம் வீண். கரைந்தது. வெண்டிக்காய்ச் சாறு போல இழுபட்டது. கண்ணாடியில் தடவிக் காயவைத்து உரித்தோம். மெல்லிய தாள், ஒரு மூலையில் என் மஞ்சள் இன்னும் தெரிந்தது.

ஆடு அடிக்கும் இடத்தில் இரண்டு சிரட்டையில் சுடச்சுட இரத்தம் வாங்கினோம். ஒன்றில் தாளைப் போட்டோம். மற்றது தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கையிலேயே, தாள் கிடந்த சிரட்டை இறுகத் தொடங்கியது. நான் அதைக் கவிழ்த்தே பார்த்தேன். விழவில்லை.

“இறால் கோதுக்கு ஆட்டு இரத்தத்தை எப்பிடித் தெரியும் மாஸ்டர்?”

“எனக்கும் வடிவாத் தெரியாது அக்கா.”

தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம். பெரியாஸ்பத்திரி டாக்குத்தர், கொட்டிலில் செய்ததை மனிசர் காயத்தில் வைக்க ஏலாது என்று சொல்லிவிட்டார். அது நியாயம். இப்போது அந்தச் சாமான் ஆஸ்பத்திரிகளுக்குப் பெட்டியில் வருகிறதாம். தாதியாக இருக்கும் என் மகள் கிளாரா சொன்னாள்.

பிள்ளைகளே, வேலையில் சொன்னதற்கு மேலே ஏதும் போட்டிருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் நல்ல கோது கடலுக்குப் போயிருக்கும்.

கிளாரா, எழுதி முடிச்சிட்டன், இஞ்சை வா பிள்ளை. என்ரை எழுத்து உனக்கு விளங்குதோ? முதல்லை இருந்து வாசி. அந்த மஞ்சள் போட்ட இடத்தை மட்டும் கொஞ்சம் பலத்து வாசி.