இடப்பக்க பெஞ்சில் மங்கிய பிரசங்கம்

ஐம்பது வயதுக்குள்ளேயே என் அம்மாவுக்குக் காது போய்விட்டது. அதனால் சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரின் பிரசங்கம் எனக்கு மங்கத் தொடங்கியபோது எனக்கும் அதுதானோ என்று பயந்தேன். குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை. ‘சபை’ என்கிறாரா, ‘பகை’ என்கிறாரா? நான் பள்ளிக்கூட டீச்சர். காது போனால் வகுப்பில் எப்படி நிற்பது?

கோயிலில் நான் இடப்பக்கக் கடைசி பெஞ்சில் உட்காருவேன், அங்கேதான் ஃபேன் காற்று வரும். என் கணவர் நடுவரிசையில். ஸ்ரீரங்கத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.

“ஏங்க, பிரசங்கம் உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“நல்லாத்தானே கேட்டுச்சு. உனக்கு என்ன?”

அவரிடம் சொல்லாமல் மறுநாள் காது டாக்டரிடம் போனேன். அவர் சோதித்துவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, தைரியமா போங்க” என்றார். நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிறு பஸ் தாமதம். கோயிலில் இடமில்லாமல் வாசலில், நடுவழிக்கு நேரே நின்றேன். எவ்வளவு தள்ளி நின்றும் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்தது! பூசை முடிந்து ஒருவர் மைக்கில் அறிவிப்பு வாசிக்கும்போது மெல்ல இடப்பக்கம் நகர்ந்தேன். முதலில் ‘ச’ மங்கியது, பிறகு எல்லாமே கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. நடுவுக்கு வந்தேன், தெளிந்தது. அங்கேயே சிரித்துவிட்டேன்.

சாமியாரிடமே சொன்னேன். மைக்செட்காரரை வரவழைத்தார். பீடத்துக்கு மேலே ஒரு நீள ஸ்பீக்கர் பெட்டி குறுக்கே படுத்திருந்தது.

“பெயின்ட் அடிச்சப்ப, பெட்டி நிக்கறது கண்ணை உறுத்துதுன்னு படுக்க வெச்சோங்க,” என்றார் மைக்செட்காரர். “உள்ள வரிசையா நாலு ஸ்பீக்கர் இருக்கு. படுக்க வெச்சா நடுவுல இருக்கறவங்களுக்கு நாலும் ஒண்ணா வந்து சேரும். ஓரத்துல ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். ‘ச’ மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் அதுலயே அடிபட்டுப் போயிடும். நிக்க வெச்சா சத்தம் ரெண்டு பக்கமும் விரியும்.”

“அப்போ நிக்கவே வைங்க,” என்றார் சாமியார்.

அடுத்த ஞாயிறு அதே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன். பிரசங்கத்தின் நடுவில் பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மா என் கையைத் தொட்டார்.

“இன்னிக்கு நல்லா கேக்குதும்மா. செவிடாயிட்டேனோன்னு மகன்கிட்டகூட சொல்லாம இருந்தேன்.”

“நானும்தாங்க,” என்றேன்.