பாதி வயலில் இறங்கிய ஆல்பர்ட்

அறுப்புக் காலத்தில் தூங்காத டிரைவரைப் பெருநகர் என்கிற ஊர்ப் பக்கத்து ஜனங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். நெல் முற்றி நிற்கும், மேகம் திரளும், அறுப்பு மிஷினோ சுற்றுவட்டாரத்துக்கு ஒன்று. ராப்பகலாக ஓட்டுகிறவன் அப்போது சாமிக்குச் சமானம். ஆல்பர்ட்டுக்கு இருந்த வியாதியை எட்டு வருஷம் யாரும் வியாதி என்று நினைக்காததற்கு இதுதான் காரணம். நல்ல உழைப்பாளி என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள், புண்ணியவான்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அறுப்பில் பதினோரு நாள் அவன் சரியாகக் கண் மூடவில்லை. பசி இல்லை, அசதி இல்லை, பேச்சு ஓயவில்லை. ஐந்து மிஷின் வாங்கப்போகிறேன், உத்திரமேரூரில் பங்களா கட்டப்போகிறேன் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். பன்னிரண்டாம் நாள் ஏரிக்கரை மேலேயே மிஷினை ஏற்றிக் கவிழ்த்துவிட்டான். தோள் எலும்பு முறிந்தது. அதற்கு அப்புறம் வந்ததுதான் கொடுமை. எலும்பு கூடிய பிறகும் இரண்டு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பல் விளக்கக்கூட எழவில்லை. "நான் இருந்து இன்னா பிரயோஜனம்?" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்கே அவன் மனைவி ஷாரோன் வீட்டிலிருந்த பூச்சிமருந்தை எடுத்துப்போய்த் தாய் வீட்டில் பூட்டிவைத்தாள்.

காத்துக் கருப்பு என்றார்கள், மந்திரிக்க வைத்தாள். உபவாச ஜெபம் என்றார்கள், அதையும் இருந்தாள். பிறகு யாரையும் கேட்காமல் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருதுருவ மனநோய், பைபோலார் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆலோசகர் கல்பனாவிடமும் அனுப்பினார்.

புத்திமதி சொல்லித் தொலைப்பார்கள் என்று பயந்துகொண்டுதான் ஆல்பர்ட் போனான். கல்பனா புத்திமதியே சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, குஷியாக இருந்த காலத்தை மேடாகவும் முடங்கிக் கிடந்த காலத்தைப் பள்ளமாகவும் அவனையே வரையச் சொன்னார். வரைந்து முடித்ததும் அவனுக்கே புரிந்தது. ஒவ்வொரு மேடும் ஒரு அறுப்பில்தான் தொடங்கியிருந்தது. இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெடும், அவ்வளவுதான், ஏற ஆரம்பித்துவிடுவான். மாத்திரையோடு ராத்திரித் தூக்கமும் அவனுக்கு மருந்து என்று அன்றைக்கு விளங்கியது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய்ப் பேசி, எந்த அறிகுறி முதலில் தலைகாட்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். பகல் ஓட்டம் மட்டும் என்று முதலாளியிடம் கறாராகச் சொன்னான். மூன்று வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியது.

இந்தச் சித்திரையில் புத்தி தடுமாறியது. ராத்திரி ஓட்டும் ஏசுதாஸ் ஐயங்கார்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். முதலாளி கெஞ்சினார். ஒரு ராத்திரிதானே என்று ஏறியவன் இரண்டு ராத்திரி ஓட்டினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் சடையப்பன் வயலுக்குச் சோறு கொண்டுவந்த ஷாரோன், தூரத்திலேயே அவன் பாட்டைக் கேட்டாள். முதலில் தலைகாட்டும் அறிகுறி அந்தப் பாட்டுதான்; வரப்பில் ஓடிப்போய் மிஷினுக்கு முன்னால் நின்றாள்.

"எவ்ளோ நேரம் தூங்கின?"

"தூங்கினேன், தூங்கினேன். உடம்பு சூப்பரா கீது. எட்டு காணியில பாதி முடிச்சிட்டேன் பாரு! அடுத்த வருசம் சொந்தமா மிஷின் எடுக்கறோம்."

"எறங்கு. டாக்டருக்குப் போன் பண்ணலாம்."

"மனுசன் சந்தோஷமா இருந்தாக்கூட உனக்கு வியாதியா தெரியுதா?" என்று சீறினான். அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் நகரவில்லை.

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. வயல்காரர் சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். அந்த வருஷத்து நெல் முழுக்க அங்கேதான் நின்றிருந்தது.

"நாலு காணிதான் பாக்கி கீது நைனா. ஒரே மூச்சுல அடிச்சி உட்டுடு. உன்னால முடியாததா?"

அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஆல்பர்ட்டின் மனசு பத்துச் சொல்லைத் தாண்டியிருந்தது. நெல் ஏற்ற வந்த டிராக்டர் நகர்வது பொறுக்கவில்லை. ஷாரோன் கண்ணைத் துடைப்பது பொறுக்கவில்லை.

"இன்னா எல்லாரும் ஆமை மாதிரி நவுந்துக்கினு கீறீங்க?" என்று கத்தினான்.

கத்திய பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. கல்பனா ஒரு முறை சொன்னது ஞாபகம் வந்தது: "ஊரே மெதுவா போற மாதிரி தோணுச்சுன்னா, ஊரைப் பாக்காதீங்க. உங்க வேகத்தைப் பாருங்க."

வேகத்தைப் பார்த்தான். பயமாக இருந்தது. ஆனால் அந்த வேகம் எவ்வளவு ருசி! இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. ஏரிக்கரையில் கவிழ்ந்த அன்றைக்கும் இதே குரல்தான். மிஷினை அணைத்தான். இறங்கிச் சாவியை ஷாரோனிடம் கொடுத்தான்.

"எம் பயிர் முழுகட்டும்னு எறங்கறியாடா?" சடையப்பன் அலறினார்.

"பெரியவரே, எனக்கு மனசுல வியாதி கீது. பைபோலாருன்னு பேரு. ரெண்டு நாளா தூங்கல. இப்ப நான் ஓட்டனா ஆளு மேல ஏத்திடுவேன். ஏசுதாஸை வரச் சொல்றேன்." மூன்று வருஷமாக வெளியே சொல்லாததை வரப்பில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னான். சொல்லும்போது உடம்பு கூசியது.

"பைத்தியம்னு சொல்லித் தொலைடா" என்று சடையப்பன் மண்ணை வாரி வீசினார். பாவம், அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு.

ஏசுதாஸ் கல்யாணப் பந்தலிலிருந்து பைக்கில் பறந்துவந்து இரண்டு காணி அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆல்பர்ட் அப்போது வீட்டில் இருந்தான். டாக்டர் போனில் சொன்ன மாத்திரையைப் போட்டுப் படுத்தான். ஆனாலும் கூரை ஓட்டில் விழும் ஒவ்வொரு துளியும் அவனைத் திட்டுவதுபோல இருந்தது. எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

எழுந்தபோது விடிந்து வெயில் ஏறியிருந்தது.

"எவ்ளோ நனைஞ்சிச்சி?" என்றான் முதல் வேலையாக.

"ரெண்டு காணி."

முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"ரெண்டு காணி நெல்லு போச்சி" என்றாள். "நீ போவல."