சாம்பார் வாளியோடு பதினோரு விநாடி

தம்பி போய்ப் பதினெட்டாம் நாள் அவனுடைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அவன்தான் சொல்லி வைத்திருந்தான். ஆரணியில் ஒருவர் டிவி ரிப்பேரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிக் கடை வைத்திருந்தார். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தருவார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆட்டோவிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி, தறி அறையில் மேஜைமேல் வைத்து, எல்லா ஒயரையும் சொருகி முடித்துவிட்டு, "தம்பி இல்லீங்களா?" என்று கேட்டார்.

"வெளிய போயிருக்கான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மாலை போட்ட படம் உள்ளறையில் இருந்தது. அம்மா அந்த அறை வாசற்படியில்தான் நின்றிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. திரும்பி அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் நான், ஒன்றில் அவன். அப்பா போய் நெடுநாளாகியிருந்தது, தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள். தம்பிக்கு நெய்வதைவிட டிசைன் போடுவதில்தான் ஆசை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் போடுவான். அதையே கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டு வந்தவன், ஒரு வாரத்து வேலையை ஒரு நாளில் முடிக்கிறேன் பார் என்று என்னிடம் சவால் விட்டான். தேசூரில் கூட்டாளி கல்யாணத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பும்போது, தெள்ளார் பக்கம் லாரி. அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல எனக்கு வராது, அப்போதும் வரவில்லை.

நான் அழவில்லை. கொள்ளி வைக்கும்போதும் அழவில்லை. உறவுக்காரர்கள் என் காதுபடவே நெஞ்சழுத்தக்காரன் என்றார்கள். கோபம்கூட வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். அம்மா முதல் நாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுததோடு சரி, பிறகு உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இதைவிட மோசம் ஒன்று உண்டு. எதிரெதிர் தறியில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் அவன் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மாலை போட்ட படத்தில் இருந்தது போட்டோக்காரன் "சிரிங்க" என்று சொன்னதற்கு அவன் காட்டிய முகம். அதை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

தங்கை கல்யாண வீடியோ கேசட்டை அவனே ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டு சிடியாக மாற்றி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் வந்ததும் பார்க்கலாம் என்று பீரோவில் வைத்தது அப்படியே இருந்தது. இரண்டாவது சிடியில், பந்தியில், சாம்பார் வாளியோடு அவன் வருவான். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் அவன் நடந்து, பேசி, சிரிப்பதை ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று நம்பினேன். அழுகை வந்துவிட்டால் மறுபடி மனுஷனாகிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டிவியும் சிடி பிளேயரும் அடுத்த வீட்டில்தான் இருந்தன. ஆனால் வருஷம் திரும்பாமல் அம்மா இன்னொருவர் படியேற மாட்டாள். ஆக, கம்ப்யூட்டர்தான்.

முதல் சிடி பளிச்சென்று ஓடியது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள். யார் யாரோ வருகிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்காமலே வந்த ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்து மூன்று தடவை மீசையைத் தடவுகிறார். எல்லாம் தெளிவு. தாலி கட்டும்போது கொஞ்சம் இழுக்க ஆரம்பித்தது. இரண்டாவது சிடி போட்டதும் படம் விட்டு விட்டு நின்றது. பந்தி வந்தபோது மெஷினே மூச்சு வாங்கியது. தம்பி ஒரு காலை எடுத்து வைப்பான், நிற்பான். குரலும் படமும் சேர்ந்தே நின்று, கரகரவென்று இழுத்து, மறுபடி நகரும். சுட்டியை அசைத்தால் அம்பு எப்போதோ நகர்ந்தது. புது மெஷின், பிரித்து இரண்டு நாள் ஆகவில்லை.

"ரிப்பேரா?" என்றாள் அம்மா.

"புதுசும்மா."

"புதுசுன்னா ரிப்பேர் ஆவாதா?"



சிடியில் கீறல் என்று நினைத்து மெத்தென்ற பட்டுத் துண்டால் துடைத்தேன். பிறகு இரண்டு சிடியையும் மெஷினுக்குள்ளேயே ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். அதே கதை. தெருவில் திடீரென்று எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். ஒருவர் வைரஸ் என்றார், ஒருவர் கரண்ட் பத்தவில்லை என்றார், ராகுகாலத்தில் பெட்டியைப் பிரித்திருப்பீர்கள் என்றார் இன்னொருவர். ராகுகாலத்தில் பிரித்தது உண்மைதான்.

நேராகப் பந்திக்குத் தாண்டிப் போக எனக்குத் தெரியும். அம்மா விடவில்லை. "தாலி கட்றதுக்கு முன்னாடியே பந்தியா? யாரு வீட்டு வழக்கம் அது?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதனால் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பன்னீரில் ஆரம்பித்து, மீசைக்காரரைப் பார்த்து, தாலி கட்டி, பிறகுதான் பந்திக்கு வருவோம். அதற்குள் மெஷின் தள்ளாடிவிடும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்தார். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். படம் தண்ணீராக ஓடியது.

"நல்லாத்தானே ஓடிகினு கீது?"

"இப்ப ஓடும். இரண்டாவது சிடில பாருங்க."

"டிரைவர் சரியா ஏறலன்னு நினைக்கிறேன். படத்துக்குன்னு தனி சாஃப்ட்வேர் இருக்குது, அது பிடிக்கலன்னா இப்படித்தான் பேஜார் பண்ணும். கடைக்கு எடுத்தாந்துடுங்க, முழுசா பாத்துடலாம்."

சேலை மூட்டை கட்டும் துணியிலேயே கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கட்டி, வண்டியில் வைத்து ஆரணிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டார். டிரைவரை மறுபடி ஏற்றினார், வைரஸ் பார்த்தார், மெமரியைக் கழற்றி வேறு ஒன்று மாட்டிப் பார்த்தார். திரும்ப எடுக்கப் போனபோது, "இரண்டு சிடியும் ஃபுல்லா ஓட்டிட்டேங்க. ஒரு இடத்துல கூட நிக்கல" என்றார். மூட்டையை முடிச்சுப்போட எனக்கு உதவிக்கொண்டே, "உங்க தம்பி நல்லா சிரிக்கிறாருங்க அதுல. கடைப் பக்கமே காணோமே?" என்றார்.

"வேலை" என்றேன்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் பார்க்க முடியாத தம்பியை இந்த ஆள் பார்த்துவிட்டார். பொறாமையாக இருந்தது. அவன் போனதிலிருந்து எனக்கு வந்த உணர்ச்சி என்று சொன்னால் அது ஒன்றுதான்.

வீட்டில் மறுபடி அதே தள்ளாட்டம். கடையில் ஓடுவது வீட்டில் ஓடவில்லை. நான் விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை. தினமும் சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். பந்தி வரும். வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் இலை வரிசையில் வருவான். கரண்டியைச் சாய்ப்பான். சாம்பார் கரண்டிக்கும் இலைக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும். கண் பாதி மூடியபடி அவன் முகம் நிற்கும். பிறகு ஒரு துளி நகரும், மறுபடி நிற்கும். நான் எரிச்சலோடு மேஜையைத் தட்டுவேன். அம்மா தட்டமாட்டாள்.

ஒரு நாள் அதே நேரத்தில் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் பை இல்லை, கருவி இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு வாட்டி வந்துட்டு, தம்பி எங்க, தம்பி எங்கன்னு கேட்டுகினே இருந்திருக்கேன்."

"நான்தான் சொல்லல" என்றேன்.

துக்கம் கேட்க வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை மேஜைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இன்னாங்க இது? இதுக்கு இன்னா குளிர் ஜுரமா?"

கேபினெட்டின்மேல் அப்பாவின் பழைய வேட்டி இரண்டாக மடித்துப் போர்த்தியிருந்தது. முன்பக்கம் பட்டனுக்கும் சிடி போடும் இடத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மேலும் பக்கமும் பின்பக்கமும் சுற்றிச் செருகியிருந்தது. எங்களுக்கு அதில் கேட்க ஒன்றுமே இல்லை. தறியில் பாவு நூல் ஏற்றியிருந்தால் அதன்மேல் துணி போர்த்துவோம். எழுந்து போனாலும் போர்த்துவோம், நெய்யும்போதும் வியர்வை படாமல் நெய்த பக்கத்தை மூடிக்கொள்வோம். விலை கூடின பொருள் எதுவானாலும் தறி அறையில் அதன்மேல் துணி இருக்கும். வெளி ஆள் பார்க்க வந்தால் எடுத்து மடித்து வைப்போம். கடைக்காரர் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன அன்றும் அம்மா ஒன்பதே முக்காலுக்கு எடுத்து மடித்து வைத்திருந்தாள். கடைக்குப் போனால் மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள். நோய் இருந்தது வேட்டியில், அதை மட்டும் நாங்கள் டாக்டரிடம் காட்டவே இல்லை.

எழுந்து வந்து வேட்டியை உருவினார். கேபினெட்டின் பக்கத்தில் கையை வைத்து, சட்டென்று எடுத்தார். "தோசை ஊத்தலாம்ங்க. உள்ள ஃபேன் சுத்திகினுதான் இருக்குது, காத்து போவ வழி வேணாமா? சூடு ஏறுச்சின்னா உள்ள இருக்கிற சிப்பு தானே வேகத்தைக் குறைச்சிக்கும், இல்லன்னா கருகிப்பூடும். மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல." மேஜையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டார். மெஷினை நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிடச் சொன்னார். போகும்போது, போய் வருகிறேன் என்று சொல்லாமல் போனார். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது.

ஒரு மணி நேரம் கழித்துப் போட்டோம். பன்னீர், மீசை, தாலி. எங்கும் இழுக்கவில்லை. இரண்டாவது சிடி. பந்தி. தம்பி வாளியோடு வந்தான், கரண்டியைச் சாய்த்தான், சாம்பார் விழுந்தது, நிமிர்ந்தான், "லைட்டைத் தள்ளிப் புடிப்பா, இலையே தெரியல" என்றான், சிரித்தான், அடுத்த இலைக்குப் போனான், ஒரு தடித்த மாமா குறுக்கே வந்து மறைத்துக்கொண்டார். முடிந்தது.

கீழே ஓடும் கணக்கைப் பார்த்தேன். பதினோரு விநாடி.

அழுகை வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை. பந்தியில் இப்போது ரசம் வந்துகொண்டிருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்ளோதாம்மா. சரியா ஓடினா அவ்ளோதான்."

"மின்ன எவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தான்."

மறுபடி போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே அழுத்துவது என்று எப்போது கற்றுக்கொண்டாளோ. மேஜை மறுபடி சுவரை ஒட்டிப் போயிருந்தது. வேட்டி கேபினெட்டைச் சுற்றி, பின்பக்கமும் இடுக்கில்லாமல் செருகியிருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கெட்டுப்பூடும்மா. அவரு சொன்னாரு இல்ல?"

"கெட்டா கெடட்டும்" என்றாள். "மொத சிடிலேர்ந்து போடு."

போட்டேன். பன்னீர் தெளித்தார்கள். பெரியவர் மீசையைத் தடவினார். நடுவில் அம்மா எழுந்து கேபினெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தாள், அடுப்பில் உலை காய்ந்ததா என்று பார்ப்பதுபோல. "இன்னும் சூடு ஏறல" என்றாள். நான் உள்ளே போய் அவனுடைய போர்வையை எடுத்துவந்து வேட்டியின்மேல் போர்த்தினேன்.

தாலி கட்டும்போது இழுக்க ஆரம்பித்தது. பந்தி வந்தது. தம்பி ஒரு காலை எடுத்து வைத்தான், நின்றான். கரண்டியைச் சாய்த்தான். சாம்பார் கிளம்பி, இலைக்குப் போய்ச் சேராமல் நின்றது. பாதி மூடிய கண்ணோடு அவன் முகம் நின்றது. அதுதான் அவன் முகம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.