கடற்சுவரின் ஆண்டு

தார்நாகாவில் ஆய்வகக் குடியிருப்பில் இருந்த நாட்களில், தமிழ்ச் சங்க மலருக்கு வரும் வரலாற்றுக் கட்டுரைகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. தேதி விஷயத்தில் கறாரானவன் என்று பெயர். ஒருமுறை, ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர் தன் ஊர்க் கோட்டையைப் பற்றி எழுதிக் கொடுத்தார். கடலைப் பார்த்து நிற்கும் குன்றின்மேல் கோட்டை. கப்பல் தெரிந்தால் கிழக்குச் சுவரில் தீ மூட்டிச் செய்தி சொல்வார்களாம். அங்கே ஆண்ட தாத்தா, பேரன் என்ற இரண்டு அரசர்களில், அந்தச் சுவரைக் கட்டியவன் பேரன் என்று எழுதியிருந்தார். தாத்தா என்று நான் திருத்தினேன்.

இரண்டு அரசர்களுக்கும் ஒரே பெயர். வாசல் கல்வெட்டில் அந்தப் பெயரும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஆண்டுப் பெயரும், மாதமும் கிழமையும் நட்சத்திரமும் மட்டுமே உண்டு. எந்தச் சுற்று என்பதுதான் கேள்வி. நான் படித்த நூல்களெல்லாம் கோட்டையைப் புகழ்பெற்ற தாத்தாவுக்கே கொடுத்திருந்தன.

அவர் என் வீட்டுக்கே வந்தார். "கிழமையும் நட்சத்திரமும் ஒண்ணா வருதான்னு பஞ்சாங்கக் கணக்குல ஒரு தடவ பாருங்க சார். பேரன் காலத்துலதான் வருது."

நான் பார்க்கவில்லை. ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தால் அன்றே பார்த்திருப்பேன். "ஸ்பேனர் வெச்சு வரலாறு பண்ண முடியாதுங்க" என்றேன்.

"ஹவ் சார்" என்று எங்கள் நகரத்துப் பேச்சில் ஆமாம் போட்டுச் சிரித்துவிட்டுப் போனார். கட்டுரை அவர் பெயரில், என் ஆண்டோடு வந்தது.

ஓய்வுபெற்று ஹப்சிகுடாவுக்குக் குடிபோன பிறகு, பழைய கோப்புகளுக்கிடையே அந்தக் கல்வெட்டின் நகல் கிடைத்தது. அரைமணி நேரக் கணக்கு. என் ஆண்டில் கிழமை பொருந்தவில்லை. பேரன் ஆண்டில் எல்லாம் பிசகில்லாமல் பொருந்தின.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மலர் ஊருக்குப் போனதும், விஷயம் தெரிந்தவர்கள் அவருடைய அண்ணனிடம் கேட்டார்களாம், சொந்த ஊர்ச் சுவரின் வயது தெரியாதவன் எதற்கு எழுதுகிறான் என்று. அதிலிருந்து அண்ணன் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆண்டை மாற்றியது நான்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். படித்தவர்மேல் பழி போடாதே என்றாராம் அண்ணன்.

அடுத்த மலரில் திருத்தம் போடுகிறேன் என்றேன்.

"அதுல உங்க நேர்மைதான் சார் தெரியும். எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அவரே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என் முன்னால் வைத்தார். நான் யார் என்று சொன்னேன். கணக்கை விளக்கினேன். தவறு முழுக்க என்னுடையது என்றேன். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"தம்பிக்காக இவ்வளவு தூரம் இறங்கிப் பேசுறீங்களே சார், பெரிய மனசு உங்களுக்கு" என்றார். "உங்களையே இப்படிப் பேச வெச்சுட்டான் பாருங்க."

அப்படியில்லை என்று மறுபடி சொல்லத் தொடங்கினேன். தம்பி கையை நீட்டிப் போனை அணைத்தார். நான் கிளம்பியபோது, வாசல்வரை அவர் வரவில்லை.