முட்டுகள் மறைந்த படம்

அந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் அவளுக்கு ‘லேயர் அக்கா’ என்று பெயர். கணினியில் கட்டட வரைபடத்தை அடுக்கடுக்காக வரைவாள். சுவர் ஓர் அடுக்கு, குழாய் ஓர் அடுக்கு, வேலை முடியும்வரை தாங்கிப் பிடிக்கும் முட்டுக் கம்பிகள் ஓர் அடுக்கு. வேண்டாத அடுக்கை ஒரு பொத்தானைத் தட்டி மறைத்துவிடலாம். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தச் சமயம் ஒரு பழைய சிறைச்சாலையை நவீன ஓட்டலாக்கும் வேலை வந்தது. வெளியே போனால் போதும் என்று மனிதர்கள் தவித்த அறைகளில் தங்க இனி முன்பதிவு செய்ய வேண்டுமாம்! வாசலின் கல் வளைவு அப்படியே இருக்க வேண்டும்; அதை முட்டுக் கம்பிகளால் தாங்கிப் பிடித்து, கீழிருந்த குறுக்குச் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்க வேண்டும். சுவர் இடிக்கும் வேலைக்குத் தன் அண்ணனையே சேர்த்துவிட்டாள். அண்ணன், அண்ணி, அவள் மூவருக்கும் ஒரே வீடு.

ஓட்டல் முதலாளிக்குப் படம் காட்டும் நாளில் ஆர்க்கிடெக்ட், “இந்தக் கம்பியெல்லாம் கண்ணை உறுத்துது. எடுத்துடும்மா, பளிச்சுனு இருக்கட்டும்” என்றார். முட்டுகளை மறைத்து அச்சடித்தாள். முதலாளி சொக்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தானது அதுதானே என்று அதையே வேலை நடக்கும் இடத்துக்கும் அனுப்பினாள். முட்டுகளைத் திரும்பக் கொண்டுவர மறந்தே போனாள்.

அண்ணன் படத்தைப் பிரித்து, “என் தங்கச்சி வரைஞ்சது” என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துவிட்டுச் சுவரில் கைவைத்தான். வளைவு அவன் மேல் விழுந்தது.

கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? “வாயைத் திறந்தா நீயும் மாட்டுவே, ஆபீசையும் மூடுவாங்க” என்றார் ஆர்க்கிடெக்ட். அவள் திறக்கவில்லை.

வீட்டில் அண்ணி அழவில்லை, திட்டினாள். பாத்திரம் கழுவும்போதும் செத்தவனோடு சண்டைதான். “கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பார்த்தீங்களோ! என்னை ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?”

அதற்குள் ஓட்டல்காரர்களுக்கு இன்னொரு யோசனை. விழுந்த கற்களை விழுந்தபடியே கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டால் வரவேற்பறைக்கே ஒரு களை வந்துவிடுமாம். மனுஷ ஜென்மங்கள்தானா இவர்கள்? அதை வரையும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. கல் கல்லாக அளந்தாள். ஒரு பெரிய கல்லின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

“அதைக் கழுவச் சொல்லு. வர்றவங்க என்னன்னு கேப்பாங்க” என்றார் ஆர்க்கிடெக்ட்.

அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணி துணி மடித்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணனைத் திட்டாதீங்க அண்ணி. படத்துல இருந்தபடிதான் செஞ்சான். முட்டுக் கம்பியை மறைச்சது நான்.”

அண்ணியின் கை நின்றது.

“படம் நீ வரைஞ்சதுன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதான்” என்றாள் அண்ணி. “வேற யார் வரைஞ்சிருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாரு.”

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு அண்ணி அவனைத் திட்டவே இல்லை. அவளிடம் பேசவும் இல்லை.